குரல் நடக்கட்டும், தாளம் ஓடட்டும்: காதல் பாட்டு டான்ஸ் ரீமிக்ஸ் ஆகும்போது என்ன மாறுகிறது?

1994-ல் 'எவ்ரிதிங் பட் தி கேர்ள்' என்ற இங்கிலாந்து இரட்டையர் 'ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். டிரேசி தோர்ன் பாட, பென் வாட் கிட்டாரையும் மற்ற கருவிகளையும் பார்த்துக்கொண்டார். அதில் 'மிஸ்ஸிங்' என்று ஒரு பாட்டு. ஒருத்தி ரயிலை விட்டு இறங்கி, பழகிய தெருவில் நடந்து, ஒரு வீட்டு வாசலைக் கடக்கிறாள். அவள் தேடிவந்தவர் அங்கே இல்லை. எப்போதோ வீடு மாறிப் போய்விட்டார். பாலைவனம் மழைக்கு ஏங்குவது போன்ற ஏக்கம் என்று பல்லவி சொல்கிறது. அவ்வளவுதான் கதை.

அந்த ஆண்டு ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனிப்பாடலாக (சிங்கிள்) வந்தபோது பிரிட்டனில் அது முதல் 40 இடங்களுக்குள்கூட நுழையவில்லை. ஹவுஸ் என்ற நடன இசை வகையில் பேர்பெற்ற நியூயார்க் இசைக்காரர் டாட் டெர்ரி அதை ரீமிக்ஸ் செய்தார். கிளப்களில் அந்த வடிவம் பிடித்துக்கொண்டது. 1995-ல் மறுபடியும் தனிப்பாடலாக வெளியிட்டபோது பிரிட்டனில் 3-ஆம் இடம். 1996-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2-ஆம் இடம். அந்தப் பட்டியலில் மொத்தம் 55 வாரங்கள் இருந்தது. அதுவரை எந்தப் பாட்டும் அத்தனை வாரங்கள் இருந்ததில்லை.

பாடகி அவரேதான், வரிகளும் மெட்டும் அவையேதான், ஏன், பதிவான குரலே அதுதான். அப்படியானால் மாறியது என்ன? இதைக் காதால் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால், எந்தக் காதல் பாட்டையும் அதன் டான்ஸ் ரீமிக்ஸையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதற்கு இசைப் படிப்பு வேண்டாம். ஒரு நல்ல இயர்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் 'ரீமிக்ஸ்' என்ற சொல்

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் வந்துவிட்டது. 1964-ல் வந்த 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' வாலி எழுதியது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. 2004-ல் 'நியூ' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அதை ஹரிஹரனும் ஹரிணியும் பாடினார்கள். பேச்சில் எல்லோரும் இதை ரீமிக்ஸ் என்றுதான் சொல்கிறோம். ஆனால் குரல் புதிது, பதிவும் புதிது. கறாராகப் பார்த்தால் இது மறு ஆக்கம்.

ரீமிக்ஸ் என்றால் பழைய பதிவின் துண்டுகளை எடுத்து, அவற்றை வேறு விதமாகக் கலப்பது. ஸ்டுடியோவில் ஒரு பாட்டு தனித்தனித் தடங்களாகவே பதிவாகிறது: குரல் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம், டிரம்ஸ் சில தடங்கள். இவற்றை வகைவாரியாகத் தொகுத்துத் தரும் கோப்புகளுக்கு ஸ்டெம் என்று பெயர். ரீமிக்ஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் குரல் ஸ்டெம் மட்டும் போதும். மற்றதையெல்லாம் அவர் புதிதாகக் கட்டுவார்.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறையில் பெரிய பொருள் உண்டு. மறு ஆக்கத்தில் புதிய தாளத்தைக் கேட்டபடி பாடகர் புதிதாகப் பாடுகிறார். அவர் மூச்சு அந்த வேகத்துக்கு ஏற்ப அமைந்துவிடும். ரீமிக்ஸில் குரல் ஏற்கெனவே பாடி முடிந்த ஒன்று. பாடியபோது பாடகி கேட்டது மெல்லிய கிட்டாரை. இப்போது அதே குரலுக்கு அடியில் வேறொரு தரை. இந்தப் பொருத்தமின்மையை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில்தான் ரீமிக்ஸின் கலை முழுவதும் இருக்கிறது.

வேகக் கணக்கு

பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளக்கிறோம், சுருக்கமாக பிபிஎம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொடையில் தட்டுங்கள். 15 விநாடியில் விழும் தட்டுகளை 4-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். மெதுவான காதல் பாட்டுகள் பெரும்பாலும் 60-லிருந்து 100-க்குள் இருக்கும். ஹவுஸ் வகை நடன இசை பொதுவாக 118-லிருந்து 130 வரை. நாம் 124 என்று வைத்துக்கொள்வோம்.

60 அடியில் ஓடும் பாட்டை 124-க்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், இரு மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும் என்றுதான் தொடக்கத்தில் தோன்றும். அப்படிச் செய்தால் குரல் கார்ட்டூன் எலியாகிவிடும். சரியான வழி வேறு. கச்சேரியில் பாடகர் சௌக்கமாகப் பாடிக்கொண்டிருப்பார். அதே தாளத்துக்குள் மிருதங்கம் மேற்காலத்துக்குப் போய் சொற்களை இரட்டிப்பாக அடுக்கும். பாட்டு வேகம் கூடவில்லை. அடிகளுக்கு நடுவே இடம் நிரம்புகிறது. ரீமிக்ஸிலும் அதேதான். 60 அடிப் பாட்டை 120 அடியாக எண்ணிக்கொள்கிறார்கள். குரலின் ஓர் அடிக்கு டிரம்ஸின் இரண்டு அடி. 120-லிருந்து 124-க்குப் போக வெறும் 3.3 சதவீதம் கூட்டினால் போதும். காதுக்கு வேறுபாடு தெரியாது.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், எந்தப் பாட்டு நல்ல ரீமிக்ஸ் ஆகும், எது அடம்பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். 66 அடிப் பாட்டை இரட்டித்தால் 132. அதை 6 சதவீதம் குறைத்தால் 124 வந்துவிடும். 118 அடிப் பாட்டை இரட்டிக்கவே வேண்டாம். 5 சதவீதம் கூட்டினால் போதும். 75 அடிக்கு வந்தால் சிக்கல் தொடங்குகிறது: இரட்டித்தால் 150, அதை 17 சதவீதம் குறைக்க வேண்டும். 90 அடிப் பாட்டு இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். நேராகப் போனால் 38 சதவீதம் கூட்ட வேண்டும். இரட்டித்து இறங்கினால் 31 சதவீதம் குறைக்க வேண்டும். 88-ஐச் சுற்றியுள்ள பகுதிதான் ஹவுஸ் ரீமிக்ஸுக்கு மிக மோசமான இடம். துரதிருஷ்டவசமாக, நிறைய காதல் பாட்டுகள் அங்கேதான் வசிக்கின்றன.

அதற்கும் வழி உண்டு: குரலை வளைப்பதை விட்டுவிட்டு நடன வகையை மாற்றிக்கொள்வது. 87-ஐ இரட்டித்தால் 174; டிரம் அண்ட் பேஸ் என்ற வகை ஓடும் வேகம் ஏறக்குறைய அதுதான். டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், குரல் அதன் மேல் நிதானமாக மிதக்கும். 'மிஸ்ஸிங்' வெற்றிக்குப் பிறகு அதே இரட்டையர் 1996-ல் வெளியிட்ட 'வாக்கிங் வூண்டட்' ஆல்பத்தில் இந்த உத்தியைத் தாங்களே கையில் எடுத்தார்கள். ரீமிக்ஸிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது வேகத்தை இல்லை, இந்த இடைவெளியை என்றுதான் அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது தோன்றும்.

குரலை இழுத்தால் என்ன ஆகும்

பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். ஏறக்குறைய 6 சதவீத வேகத்துக்கு ஓர் அரைச்சுரம், அதாவது ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தொலைவு. 100 அடிப் பாட்டை டேப் முறையில் 124-க்கு ஏற்றினால் சுருதி கிட்டத்தட்ட 3.7 அரைச்சுரம் மேலே போய்விடும். ஆழமான குரல் மெலிந்து, பாடியவரின் வயதே குறைந்ததுபோல ஒலிக்கும்.

சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் மாற்றும் முறைக்கு டைம் ஸ்ட்ரெட்ச் என்று பெயர். அதில் பல வழிகள் உண்டு. எளிதாகப் புரிவது இது: குரலைச் சில பத்து மில்லிவிநாடி நீளமுள்ள சிறு சிறு துணுக்குகளாக வெட்டி, சுருக்க வேண்டுமானால் சில துணுக்குகளை விட்டுவிடுவது, நீட்ட வேண்டுமானால் சிலவற்றைத் திரும்ப ஒட்டுவது, ஒட்டிய இடம் தெரியாமல் மெழுகுவது. குரலில் இதை 5 முதல் 8 சதவீதம் வரை செய்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 15 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு குறைகள் எட்டிப்பார்க்கும். நீட்டிய குரலில், இழுத்துப் பாடும் உயிரெழுத்துகள் நடுங்கும். 'ஆ' என்ற நீட்டம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல அலையும். சுருக்கிய குரலில், வல்லின எழுத்துகள் மழுங்கும். 'க', 'ட', 'த' என்று உடைந்து வரவேண்டிய ஒலிகள் தேய்ந்து போகும். ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் 1990-களின் சாம்ப்ளர் கருவிகளில் இது உலோகம் உரசுவதுபோல வெளிப்படையாகவே கேட்கும். இப்போதைய மென்பொருள்கள் எவ்வளவோ தேவலாம் என்றாலும், ஒரு ரீமிக்ஸைச் சந்தேகப்பட்டால் நீண்ட சுரங்களின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். குட்டு அங்கேதான் உடையும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு, புதிதாக ரீமிக்ஸ் செய்பவர்கள் அதில்தான் வழுக்கி விழுகிறார்கள். காதல் பாட்டைப் பாடுகிறவர் தாளத்தின் மீது நேராகக் கால் வைப்பதில்லை. சொல்லைச் சற்றுத் தாமதமாக எடுப்பார், வரியின் முடிவைத் தொங்க விடுவார். அந்தத் தயக்கமே உணர்ச்சி. கணினியில் எல்லா அசைகளையும் கட்டம் கட்டமாக அடியில் உட்கார வைத்தால் தாளம் துல்லியமாகும். பாடியவரோ காணாமல் போவார். அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தை மட்டும் இடம்பார்த்து வைத்துவிட்டு, உள்ளே உள்ள அசைகளை அவற்றின் போக்கில் விட்டுவிடுவார்கள். நான்கு தட்டுக்கு ஒரு பார் என்ற கணக்கில், பெரும்பாலும் நான்கு பாருக்கு ஒருமுறை குரலைத் திருத்தினால் போதும்.

மூலப்பதிவில் குரலோடு சேர்ந்தே பதிவான எதிரொலி இன்னொரு தொல்லை. மெதுவான பாட்டில் குரலுக்குப் பின்னால் 2, 3 விநாடி வால் இருப்பது அழகு. 124 அடியில் ஒரு பார் முழுவதுமே 1.94 விநாடிதான். வால் அடங்குவதற்குள் அடுத்த பார் வந்துவிடும், எல்லாம் குழைந்து சேறாகும். அதனால்தான் எதிரொலி சேராத வெறும் குரலைக் கேட்டு வாங்குகிறார்கள். பிறகு 1 விநாடியைச் சுற்றிய குறுகிய எதிரொலியைத் தாங்களே சேர்ப்பார்கள், அல்லது அடியோடு பூட்டிய டிலே வைப்பார்கள். 60,000-ஐ பிபிஎம்-ஆல் வகுத்தால் ஓர் அடி எத்தனை மில்லிவிநாடி என்று வரும். 124-க்கு அது 484. அரை அடிக்கு 242. குரலின் கடைசிச் சொல் இந்த இடைவெளியில் திரும்பி ஒலித்தால் அது தாளத்தின் பகுதியாகவே காதில் விழும்.

தரையில் என்ன நடக்கிறது

ஹவுஸ் இசையின் அடையாளம், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மான கிக் ஒவ்வொரு அடியிலும் விழுவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எதையும் விடாமல். இரண்டிலும் நான்கிலும் கைதட்டலோ, 'டப்' என்று தெறிக்கும் ஸ்நேர் டிரம்மோ சேரும். அடிகளுக்கு நடுவில், அரை அடியில், ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு திறந்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். காலைத் தூக்க வைப்பது அந்த 'ட்ஸ்'தான். கீழே வைக்கச் சொல்வது கிக்.

கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் அது அறவே வராது. ஃபோனில் கேட்டுவிட்டு 'ரீமிக்ஸில் ஒன்றுமே இல்லையே' என்று சொல்பவர்கள் பாதிப் பாட்டைக் கேட்கவே இல்லை. தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கருவியும் அதே அடித்தளத்தில்தான் குடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்றை ஒன்று விழுங்கும். அதற்காக சைட்செயின் என்ற ஏற்பாடு: கிக் விழும் ஒவ்வொரு முறையும் பேஸின் சத்தம் ஒரு நொடிப்பொழுது தானாகத் தாழ்ந்து, உடனே எழும். அளவோடு செய்தால் யாருக்கும் தெரியாது. கூடுதலாகச் செய்தால் பாட்டே மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். சிலர் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். குரலுக்கும் கீழே கொஞ்சம் வெட்டு விழும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக்கில் சேர்ந்த உறுமலும் மூச்சின் மோதலும் கிக்கின் இடத்தை வீணாக அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதை வடித்துவிடுவார்கள். டிரேசி தோர்ன் போன்ற தாழ்ந்த குரலில் இந்த வெட்டைக் கவனமாகப் போட வேண்டும். 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிவிட்டால் குரலின் நெஞ்சுப்பகுதியே போய், வெறும் தொண்டை மட்டும் மிஞ்சும்.

காதல் பாட்டில் குரலுக்கு அடியில் இருக்கும் கிட்டாரோ பியானோவோ பாடகரோடு சேர்ந்து மூச்சு விடும். அவர் தயங்கினால் அதுவும் தயங்கும். கிக் தயங்காது. ரீமிக்ஸில் ஏக்கப்படும் குரலுக்குத் துணை யாரும் இல்லை. அவள் பாட்டுக்குப் பாட, உலகம் பாட்டுக்கு நடக்கிறது. 'மிஸ்ஸிங்' ரீமிக்ஸ் ஏன் இத்தனை பேரைத் தொட்டது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தென்படவில்லை. அந்தப் பாட்டின் கதையே நடப்பதுதான்: தெருவில் நடந்து, வாசலைக் கடந்து, நிற்க முடியாமல் மேலே போவது. சோர்வில்லாத அந்தக் கிக் அவள் காலடியாகிவிடுகிறது. ரீமிக்ஸ் பாட்டைச் சந்தோஷப்படுத்தியது என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியாது. சோகம் அப்படியே இருக்கிறது. தனி அறையில் இருந்தவளை அது கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. கூட்டத்தில் ஒருவரை நினைத்து ஏங்குவது தனிமையில் ஏங்குவதைவிடக் கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஏன் இத்தனை நீளம்?

காதல் பாட்டு நாலு பாரில் முன்னிசையை முடித்துவிட்டுக் குரலுக்கு வந்துவிடும். கிளப்புக்கான ரீமிக்ஸில் 16 அல்லது 32 பார் வெறும் டிரம்ஸ் ஓடும். 124 அடியில் 16 பார் என்பது 31 விநாடி. 32 பார் என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேல். வீட்டில் கேட்பவருக்கு இது சலிப்பு. ஆனால் அந்த இடம் டிஜேவுக்காக ஒதுக்கியது. முந்தைய பாட்டின் முடிவும் இதன் தொடக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஓடி, ஆடுகிறவர்களுக்குத் தெரியாமலே பாட்டு மாற வேண்டும். முன்னிசையிலேயே சுரங்கள் வந்துவிட்டால் முந்தைய பாட்டின் சுருதியோடு மோதும். அதனால்தான் வெறும் தாளம். முடிவிலும் அதே ஏற்பாடு.

இந்த நீண்ட வடிவம் 1970-களின் நியூயார்க் டிஸ்கோவில் வளர்ந்தது. டாம் மோல்டன் போன்றவர்கள் மூன்று நிமிடப் பாட்டை நடனத்துக்காக நீட்டிக் கலந்தார்கள். 1976-ல் வால்டர் கிப்பன்ஸ் கலந்த 'டென் பர்சென்ட்' 12 அங்குல இசைத்தட்டாகக் கடைகளுக்கு வந்தது. தட்டு பெரிதானால் ஊசி ஓடும் பள்ளங்களுக்கு நடுவே இடைவெளி கூடும்; இடைவெளி கூடினால் தாழ்ந்த ஒலிகளை உரக்கப் பதியலாம். கடையில் இன்றும் ஒரே ரீமிக்ஸுக்கு 'ரேடியோ எடிட்', 'கிளப் மிக்ஸ்' என்று இரண்டு வடிவம் இருப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. முதலாவது 4 நிமிடத்தைச் சுற்றி இருக்கும். இரண்டாவது 6, 8 நிமிடம் போகும். மூலத்தோடு ஒப்பிட விரும்பும் புதியவர் ரேடியோ எடிட்டில் தொடங்குவதே நல்லது.

நீளத்தைவிட முக்கியமானது எதை வெட்டினார்கள் என்பது. காதல் பாட்டில் பல்லவி உணர்ச்சியைச் சொல்லும், சரணம் காரணத்தைச் சொல்லும். அவசரமாகச் செய்த ரீமிக்ஸ் சரணங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, பல்லவியின் கவர்ச்சியான ஒரு வரியை மட்டும் சுற்றிச் சுற்றிப் போடும். நாலாவது சுற்றில் அந்த வரி பொருள் இழந்து வெறும் ஒலியாகிவிடும். எதற்காக ஏங்குகிறாள் என்று கேட்பவருக்குத் தெரியாதபோது ஏக்கம் எங்கே ஒட்டும்? டாட் டெர்ரி சரணங்களை வைத்துக்கொண்டார். ரயில், தெரு, வாசல், ஆள் இல்லாத வீடு எல்லாம் வந்த பிறகே மழைக்கு ஏங்கும் பாலை வருகிறது. திரும்பத் திரும்ப வரும்போதும் அந்த வரி தேய்வதில்லை.

மெட்டின் அடியில் உள்ள சுரங்கள்

குரல் பாடும் மெட்டைத் தொடாமலே அதன் மனநிலையை மாற்றலாம். குரலுக்கு அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டம்தான் கார்டு. மூலத்தில் நாலு பாருக்கு நாலு கார்டு மாறியிருந்தால், ரீமிக்ஸில் பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். தம்புராவுக்கு மேல் பாடுவதுபோல, மெட்டின் ஒவ்வொரு சுரமும் அந்த ஒரே ஆதாரத்தை ஒட்டியே ஒலிக்கும். கதை நகர்கிற உணர்வு குறையும், மயக்கம் கூடும். நடனத்துக்கு அது நல்லது. விரிவாகக் கதை சொல்லும் பாட்டுக்குப் பல சமயம் கெடுதல்.

இதில் வரும் பிழை சட்டென்று காதில் விழும். குரல் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கும்போது புதிய பேஸ் அதற்கு அரைச்சுரம் தள்ளி நின்றால், பல் கூசுவதுபோல இருக்கும். சுருதியைச் சரிபார்க்காமல் தாளத்தை மட்டும் பொருத்தி இணையத்தில் ஏற்றிய ரீமிக்ஸ்களில் இது மிகுதி. வேகத்தை 3 சதவீதம் மாற்றும்போது சுருதியை மாறாமல் வைக்கும் பூட்டைப் போட மறந்தால், குரல் அரைச்சுரத்தில் பாதி அளவு ஏறிப் புதிய கருவிகளோடு எந்தப் பக்கமும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

மூன்று தட்டுப் பாட்டுகள்

தமிழ்த் திரைக் காதல் பாட்டுகளை ரீமிக்ஸ் செய்ய முயல்பவர்கள் முதலில் மோதும் சுவர் இதுதான். நம் மெல்லிசைப் பாட்டுகளில் பல திஸ்ர நடையில் ஓடுபவை. தகிட தகிட என்று மூன்று மூன்றாக. ஹவுஸின் கிக் தகதிமி தகதிமி. மூன்றை நான்கில் திணித்தால், சொற்கள் அடிக்கு முன்னும் பின்னும் சரிந்து விழும்.

கைவசம் மூன்று வழிகள் உண்டு. எளிதானது, கிக்கை ஒவ்வொரு தகிடவின் தொடக்கத்திலும் வைத்து, நடுவில் உள்ள ஹை-ஹேட்டையும் மூன்றாகவே ஓட விடுவது. நடனம் குதிரை ஓட்டம்போல துள்ளும், பாட்டுக்குக் காயம் இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு சொல்லாக வெட்டி நாலு தட்டுக்குள் மறுபடி அடுக்குவது. மணிக்கணக்கில் உழைப்பு, பெரும்பாலும் செயற்கையாகவே ஒலிக்கும். மூன்றாவது, புதிய தாளத்தில் புதிதாகப் பாடவைப்பது. நம் சினிமாவில் 'ரீமிக்ஸ்' என்ற பெயரில் மறு ஆக்கங்கள் இத்தனை வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய பதிவுகளில் குரலும் வாத்தியங்களும் ஒரே தடத்தில் கலந்திருந்தது இன்னொரு காரணம். எல்லோரும் ஒரே கூடத்தில் ஒன்றாக வாசித்துப் பதிந்ததிலிருந்து குரலை மட்டும் உருவ முடியாது. இப்போது குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. வயலின்கள் குரலோடு ஒட்டிப்போகும் இடங்களில் அவையும் இடறுகின்றன. பிரித்த குரலில் வயலினின் நிழல் சன்னமாக ஊசலாடும்.

இப்படிப் பிரித்து வீட்டில் பழகிப் பார்ப்பது வேறு, வெளியிடுவது வேறு. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று, பதிவுக்கு ஒன்று. ரீமிக்ஸ் வெளியிட இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மறு ஆக்கத்துக்குப் பழைய பதிவின் உரிமை தேவைப்படாது.

பக்கத்தில் வைத்துக் கேட்கும் முறை

'மிஸ்ஸிங்'கின் ஆல்பம் வடிவத்தையும் டாட் டெர்ரி ரீமிக்ஸின் ரேடியோ எடிட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். சற்று உரக்க ஒலிப்பதே மேலானது என்று காது நம்பிவிடும். ரீமிக்ஸ்கள் பொதுவாக உரத்தே பதிவாகியிருக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

முதல் சுற்றில் குரலை மறந்துவிட்டு இரண்டுக்கும் தொடையில் தட்டுங்கள். பிபிஎம் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடியில் உங்கள் கால் தானாக அசைகிறது என்று பாருங்கள்.

அடுத்த சுற்றில் கருவிகளை மறந்து குரலை மட்டும் பின்தொடருங்கள். ஒரே வரியை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தோர்ன் மூச்சு எடுக்கும் இடம், வரியின் கடைசிச் சொல்லை விடும் விதம் எல்லாம் கவனத்தில் இருக்கட்டும். பாடகி அவசரப்படவில்லை என்பது இங்கேதான் தெரியவரும். தாளம் எவ்வளவு நெருக்கினாலும் அவள் தன் நடையிலேயே வருகிறாள். ஒரு ரீமிக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைக் கேளுங்கள்: குரல் துரத்தப்படுகிறதா, நடக்கிறதா?

மூன்றாவது சுற்று வரிகளுக்கு. மூலத்தில் உள்ள எந்த வரி ரீமிக்ஸில் விடுபட்டது, எது கூடுதலாகத் திரும்ப வந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள்.

கடைசியாக, கிக் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலான டான்ஸ் ரீமிக்ஸ்களில் 8 அல்லது 16 பாருக்குக் கிக் விலகிக் குரலும் ஓரிரு கருவிகளும் மட்டும் மிஞ்சும் இடம் ஒன்று உண்டு; பிரேக்டவுன் என்பார்கள். அந்தச் சில விநாடிகளில் மூலப்பாட்டு ரீமிக்ஸுக்குள்ளிருந்து தலைகாட்டும். கிக் திரும்பி வரும் அடிக்கு முந்தைய நொடியில் பாட்டை நிறுத்தி, மூலத்தில் அதே வரியைப் போட்டுப் பாருங்கள்.